குடை தூரத்தில் மேடம்

இறால் பண்ணை வேலையை உதறிவிட்டு நான் நடக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி. வலது கால் பெருவிரலில் இறால் கொம்பு குத்திய புண். ஈ.சி.ஆர். ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டு, சென்னை பஸ்ஸோ புதுச்சேரி பஸ்ஸோ எது முதலில் வருகிறதோ அதில் ஏறிவிடுவது என்று திட்டம். என் வாழ்க்கையின் பெரிய முடிவுகள் எல்லாம் இப்படி எடுக்கப்பட்டவைதான். சுற்றிப் போகச் சோம்பல்பட்டு மரக்காணம் உப்பளத்தின் வரப்பில் குறுக்கே இறங்கினேன். பாதி தூரம் போனதும் ஒரு நாய் வழியை மறித்தது.

ஒல்லியான கறுப்புப் பெட்டை நாய். குரைக்கவில்லை, உறுமவில்லை. வரப்பின் நடுவில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்தது. இரண்டு பக்கமும் பாத்தியில் தண்ணீர். நான் ஒரு அடி முன்னால் வைத்தால் அதுவும் எழுந்து ஒரு அடி முன்னால் வைத்தது. தூரத்தில் மோட்டார் ஷெட் வாசலில் கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு, வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் நின்றிருந்தார்.

"தம்பி, அப்படியே நில்லுங்க. அவ உங்கள கேள்வி கேட்டுட்டு இருக்கா."

"என்ன கேள்வி?"

"யாரு, எங்கேர்ந்து வர்றீங்க, எதுக்கு வர்றீங்க. மூணுதான். பதில் சொல்லிட்டா விட்ருவா."

"உங்ககிட்டயா சொல்லணும்?"

"நானா வழிய மறிச்சிருக்கேன்? அவகிட்ட சொல்லுங்க."

பதினோரு ஊரில் வேலை பார்த்திருக்கிறேன். போலீஸ்காரர் கேட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன், லாட்ஜ்காரர் கேட்டுப் பொய் சொல்லியிருக்கிறேன். ஒரு நாயிடம் நின்று பெயர், ஊர், பார்த்த வேலை, விட்ட காரணம் எல்லாவற்றையும் உண்மையாகச் சொன்னது அன்றைக்குத்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "கலாஸ்" என்றார் பெரியவர். நாய் எழுந்து ஓரமாக நகர்ந்து வழிவிட்டது.

துணிந்து ஒன்று சொல்கிறேன். அடிக்காமல், கட்டாமல், தடவிக்கொடுக்காமல், விரல் நுனியால்கூடத் தொடாமல், வெறும் வார்த்தையாலேயே நாய் வளர்த்த மனிதர் இந்தக் கடற்கரையில் ஒருவர்தான். அவர் கத்தார் பாய்.

அவர் கத்தாருக்குப் போனதே இல்லை. போனது குவைத். ஆனால் அவருடைய ஊரான கோட்டக்குப்பத்தில் ஏற்கெனவே நான்கு குவைத் பாய்கள் இருந்ததால், கடைசியாகத் திரும்பி வந்த இவருக்குக் கத்தார்தான் மிஞ்சியது. அங்கே ஒரு கிடங்கில் கேட் வாட்ச்மேன். கிடங்கைக் காக்க நான்கு நாய்கள், நாய்களைப் பார்த்துக்கொள்ள ஒரு நேபாளி. அந்த நேபாளிதான் இவருக்கு வாத்தியார். திரும்பி வந்தபோது மற்றவர்கள் கம்பளி, சென்ட், தங்கம் கொண்டுவந்தார்கள். இவர் நாய் பாஷை கொண்டுவந்தார். மகளுக்குக் கல்யாணம் முடித்து, மகனைத் துபாய்க்கு அனுப்பிவிட்டு, வீட்டில் சும்மா உட்காரப் பிடிக்காமல் உப்பளத்தில் மோட்டார் பார்க்கவும் காவல் காக்கவும் வந்து சேர்ந்தார்.

"எங்க போறீங்க தம்பி?" என்றார்.

"தெரியல பாய்."

"தெரியாத எடத்துக்கு நாளைக்குக்கூட போலாமே. இன்னைக்கு உப்பு வாரப் பலகை இழுக்க ஒரு ஆள் கம்மி."

அப்படித்தான் உப்பு வாரும் வேலைக்குச் சேர்ந்தேன். காலில் புண்ணோடு உப்புத் தண்ணீரில் நின்றால் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். மூன்றாம் நாள் புண்ணைக் காணோம். எரிச்சல் தாங்காமல் அதுவே ஓடிவிட்டது என்று நினைக்கிறேன்.

நாயின் பெயர் மேடம். குவைத்தில் அதிகாரம் உள்ளவர்கள் எல்லாரையும் சார், மேடம் என்று கூப்பிட்டுப் பழகிய வாய். ஒரு மழைக்கு உப்பு லாரியின் பின்னாலேயே வந்து ஷெட்டில் ஒதுங்கிய தெரு நாயை, எட்டு மாதம் உட்கார்ந்து பேசிப் பேசியே காவல்காரியாக்கியிருந்தார். பாத்திப் பக்கம் வரும் ஆடு, மாடு, மற்ற நாய்கள் எல்லாவற்றையும் ஓட்டுவது அவள் வேலை. எல்லாம் வரப்பு வழியாகவே. பாத்திக்குள் கால் வைக்க மாட்டாள்.

தொடாத காரணத்தை முதல் நாளே கேட்டேன். பாய் சாதாரணமாகச் சொன்னார்.

"காவலுக்கு நாய் வெச்சுக்கலாம் தம்பி, தப்பில்ல. ஆனா அதோட எச்சில் ஈரம் மேல பட்டுச்சின்னா, பட்ட எடத்த ஏழு தடவ கழுவணும். அதுல ஒரு தடவ மண்ணு போட்டு. அப்பதான் தொழ முடியும். நான் அஞ்சு வேளை தொழறவன். இங்க நல்ல தண்ணி எம்மாம் வருது, பாத்தீங்கல்ல?"

பார்த்தேன். பிரம்மதேசம் பக்கத்திலிருந்து டெம்போவில் கேன் தண்ணீர் வரும். பாய் ஷெட்டுக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேன். குடிக்க, சமைக்க, தொழுகைக்கு முன்னால் கைகால் கழுவி ஒளு செய்ய எல்லாம் அதில்தான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீர் பளபளக்கும். அதில் வாய்கூடக் கொப்பளிக்க முடியாது. நாய் ஒருமுறை ஆசையாக நக்கினால் பாய்க்கு அரை நாள் தாகம்.

அதனால்தான் குடை. குடையை மடக்கி நீட்டினால் எவ்வளவு தூரமோ, அதுதான் இருவருக்கும் நடுவில் எல்லை. மேடம் எங்கிருந்து ஓடிவந்தாலும் சரியாக அந்தத் தூரத்தில் பிரேக் போட்டு உட்காருவாள். நாளடைவில் குடையை நீட்டவே தேவையில்லாமல் போய்விட்டது. குடை அவர் கையில் இருந்தால் போதும். வெயிலுக்கு அவர் குடை பிடித்ததாக எல்லாரும் நினைத்தார்கள். மழை, வெயில் இல்லாத சாயங்காலத்திலும் அவர் கையில் அது இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

மற்றவர்கள் நாயிடம் பந்தை எறிந்து எடுத்து வரச் சொல்வார்கள். பாய் எடுத்து வரச் சொல்ல முடியாது. வாயில் கவ்வினால் கழுவ வேண்டும். அதனால் மேடம் எதையும் எடுத்து வர மாட்டாள், காட்டிக் கொடுப்பாள். "ஸ்பேனர்" என்றால் ஸ்பேனர் கிடக்கும் இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டு பாயைப் பார்ப்பாள். "செருப்பு" என்றால் செருப்புக்குப் பக்கத்தில். பாய் எழுந்து போய் எடுத்துக்கொள்வார்.

"இதுக்கு நீயே தேடிக்கலாமே பாய்! நடக்கறது என்னவோ நீதான்" என்பாள் செல்வி அக்கா. உப்பு வாரும் குழுவில் வாயும் கையும் சம வேகத்தில் ஓடுகிறவள்.

"தேடறதுதான்மா கஷ்டம். நடக்கறது என்ன கஷ்டம்?"

"எங்க வீட்டுக்காரன்கிட்ட இருபது வருஷமா சொல்லிட்டு இருக்கேன். ஒரு வார்த்த மண்டையில ஏறல. உன் நாய்க்கு எப்படி பாய் ஏறுது?"

"எத்தன தடவ சொல்லுவ?"

"ஒரு நாளைக்கா? பத்து தடவ."

"அதான் கோளாறு. ஒரு தடவ சொல்லிட்டு வுட்றணும்."

இதுதான் நேபாளியின் முதல் பாடம். ஒரு வார்த்தையை ஒரு தடவைதான் சொல்ல வேண்டும். இரண்டாம் தடவை சொன்னால் அது கட்டளை இல்லை, கெஞ்சல். கெஞ்சுகிறவனை நாய் வேறு மாதிரிதான் பார்க்கும் என்பார் பாய். கத்தக் கூடாது என்பது இரண்டாம் பாடம். நாயிடம் பொய் சொல்லக் கூடாது என்பது மூன்றாவது. ஒரு நாள் கோட்டக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வர வேண்டிய சாப்பாட்டு கேரியர் வரும் நேரம் என்று நினைத்து மேடத்திடம் "சோறு" என்று சொல்லிவிட்டார். பஸ் வழியில் பஞ்சராகிவிட்டது. மேடம் தட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் என்னிடமிருந்த பன்னை நீட்டினேன். பாய் அதைத் தொடவில்லை. "வார்த்த குடுத்தவன் முன்னாடி தின்னக்கூடாது தம்பி" என்று கேரியர் வரும்வரை அவரும் பட்டினி கிடந்தார்.

நான்காவது பாடம்தான் எங்களையெல்லாம் வாட்டியது. நாய்க்கென்று ஒதுக்கிய வார்த்தையை மனிதர்கள் வேறு பேச்சில் பயன்படுத்தக் கூடாது. 'யல்லா' என்றால் என்னிடம் வா. 'வகஃப்' என்றால் இருந்த இடத்தில் அசையாதே. 'கலாஸ்' என்றால் வேலை முடிந்தது, நீ போகலாம். இவை போனால் போகட்டும். சோறு, செருப்பு, ஸ்பேனர் எல்லாம் அவள் சொத்தாகிவிட்டன. உப்பளத்தில் இருபது பேர் நடுப்பகலில் "மத்தியானத்துது சாப்ட்டியா?" என்றும் "கால்ல போடறது எங்க?" என்றும் பேசிக்கொண்டோம். துபாயிலிருந்து பாயின் மகன் போன் செய்து, "அத்தா, காண்ட்ராக்ட் கலாஸ், அடுத்த மாசம் வர்றேன்" என்றான் ஸ்பீக்கரில். மேடம் காவலைப் போட்டுவிட்டு எழுந்து கடற்கரைப் பக்கம் உலாவப் போய்விட்டாள். அதிலிருந்து மகனோடு பேசும்போது மட்டும் பாய் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர்போல "முடிவுற்றது", "நிறைவடைந்தது" என்று பேசினார். அத்தாவுக்கு உடம்பு சரியில்லையோ என்று பையன் அக்காவுக்குப் போன் செய்து அழுதானாம்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் பாய் ஜும்மா தொழுகைக்கு மரக்காணம் போய்விடுவார். திரும்ப மூன்று மணியாகும். அதுவரை ஷெட்டும் மேடமும் என் பொறுப்பு. நான் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பாய் சொல்லும் வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஏற்ற இறக்கம்கூடப் பழகி வைத்திருந்தேன்.

"நீ சொன்னா கேக்குமா?" என்றாள் செல்வி அக்கா.

"ஏன் கேக்காது?"

"நீ பாய் இல்லியே."

அதற்கு மேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மேடம் ஷெட் வாசலில் படுத்திருந்தாள். நான் எதிர் மூலையில், உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். நடுவில் நன்றாக விளைந்த பாத்தி. மறுநாள் வார வேண்டிய உப்பு, வெள்ளை வெளேரென்று படிந்திருந்தது. நான் குரலைத் தாழ்த்தி, பாய் மாதிரியே ஒரு தடவை மட்டும் சொன்னேன்.

"யல்லா."

மேடம் தலையைத் தூக்கினாள். என்னைப் பார்த்தாள். பாத்தியைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். நிச்சயமாகத்தான் சொல்கிறாயா என்று கேட்கிற பார்வை. நான் பெருமையோடு தலையாட்டினேன்.

வந்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக, பாத்தியின் நடுவிலேயே வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் உப்பு உடைந்து, அடியிலிருந்த கறுப்புச் சேறு மேலே வந்தது. வந்து, எனக்கு முன்னால் சரியாகக் குடை தூரத்தில் உட்கார்ந்தாள்.

செல்வி அக்கா கையிலிருந்த பலகையை ஊன்றி நின்றாள்.

"கேட்டுச்சுடா" என்றாள் செல்வி அக்கா. "நல்லாவே கேட்டுச்சு."

பாய் யல்லா சொல்லிப் பல தடவை பார்த்திருக்கிறேன். சொல்வதற்கு முன்னால் அவர் இரண்டு அடி நகர்ந்து வரப்பின் முனையில் போய் நிற்பார். வயதானவர், கால் வலிக்குக் கொஞ்சம் நகர்கிறார் என்று நினைத்திருந்தேன். நாயிலிருந்து தனக்கு இருக்கும் நேர்கோடு வரப்பின் மேல் விழுகிற மாதிரி அவர் நிற்கிறார் என்பது அந்தக் கறுப்புத் தடங்களைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. வார்த்தையை மட்டும் படித்தேன், நிற்கும் இடத்தைப் படிக்கவில்லை. என் பள்ளிக்கூடப் படிப்பும் ஏறக்குறைய இப்படித்தான் எட்டாவதோடு நின்றது.

வாரத்துக்கு இரண்டு நாள் பைக்கில் வந்து போகும் மேனேஜர், அன்றைக்கு வர வேண்டிய நாளே இல்லை. வந்தார். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாத்தியைப் பார்த்தார். அவருக்கு மேடத்தைக் கண்டாலே ஆகாது. ஒவ்வொரு தடவையும் வரப்பில் நிறுத்தி மூன்று கேள்வி கேட்கிறாள் அல்லவா. சம்பளம் கொடுக்கிற ஆளையே நாய் விசாரிப்பதா என்ற கோபம் அவருக்குப் பல நாளாக இருந்தது.

பாய் திரும்பி வந்தபோது மேனேஜர் ஷெட் வாசலில் நின்றிருந்தார்.

"பாருங்க பாய். பாத்திய நாசம் பண்ணி வெச்சிருக்குது. இனிமே இங்க நாய் கூடாது."

பாய் தடங்களைப் பார்த்தார். எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்று பார்த்தார். முடிகிற இடத்தில் நான்தான் இன்னும் நின்றிருந்தேன்.

"நாய் தப்பு பண்ணல சார். கூப்பிட்டவங்க நின்ன எடம் தப்பு."

"யாரு கூப்பிட்டது?"

பாய் தாடியைத் தடவிக்கொண்டார்.

"நான்தான் சார் கூப்பிட்டேன்" என்றேன். "வேலைய விட்டு அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க."

"உன்ன அனுப்பிட்டுப் பலகைய யாரு இழுக்கறது? நானா? ஆள் கிடைக்காம நான் அலையறேன். நாய் கிடைக்கும், ஆள் கிடைக்காது" என்றார் மேனேஜர். "நாளைக்கு சாயங்காலம் லோடு லாரி வருது. அதுல ஏத்திவுட்றேன். எங்க எறக்குறாங்களோ அங்க கெடக்கட்டும்."

பாய் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குடையை மட்டும் ஒருமுறை விரித்து மடக்கினார்.

"சார், அவ சொன்ன சொல்லத் தாண்ட மாட்டா. சோதிச்சுப் பாருங்க. தாண்டினா நானே லாரில ஏத்தறேன்."

"சோதிக்கறேன். ஆனா நான் சொல்ற மாதிரிதான்" என்றார் மேனேஜர். "நீங்க ஷெட்டுக்குள்ள கதவ சாத்திட்டு இருக்கணும். குடை வெளிய இருக்கணும். அது வார்த்தைக்கு ஆடல பாய், உங்க குடைக்குத்தான் ஆடுது. எனக்குத் தெரியும்."

மறுநாள் பகல் முழுவதும் பாய் நிதானமாகவே இருந்தார். மோட்டாருக்கு எண்ணெய் விட்டார். மேடத்துக்குப் பயிற்சி கொடுக்கவில்லையா என்று கேட்டேன். "எட்டு மாசம் படிச்சவளுக்கு இன்னைக்கு என்ன புதுசா சொல்றது?" என்றார். ஆனால் மதியக் கேரியர் திறக்காமலேயே இருந்தது. மேடத்தின் பங்கை மட்டும் எடுத்துத் தட்டில் வைத்திருந்தார்.

நான்கு மணிக்கு லாரி வந்து ரோட்டோரம் நின்றது. இருபது பேரும் பலகையை வைத்துவிட்டு வரப்பில் வரிசையாக நின்றோம். மேனேஜர் பாயிடமிருந்து குடையை வாங்கிச் செல்வி அக்காவிடம் கொடுத்தார். பாய் ஷெட்டுக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார். தகரக் கதவை இழுத்துப் பிடிக்கும் வேலை எனக்கு. கதவில் ஒரு விரல் அகலத்துக்கு இடுக்கு. ஒரு கண்ணால் பாயையும், திரும்பினால் மேடத்தையும் பார்க்கலாம்.

மேடம் எதிர் மூலையில் வேறொரு அம்பாரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷெட்டுக்கும் அவளுக்கும் நடுவில் இன்னொரு விளைந்த பாத்தி. அதுவும் வெள்ளை வெளேரென்று இருந்தது. மேனேஜர் தன் டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே வறுத்த சங்கரா மீன்.

"நான் இத பாத்தில போடுவேன். நாய் எறங்கக்கூடாது. எங்க, நிறுத்துங்க பாக்கலாம்!"

"வகஃப்" என்றது ஷெட்டுக்குள்ளிருந்து பாயின் குரல். ஒரு தடவை, சத்தம் போடாமல்.

மீன் பாத்தியில் விழுந்தது. மேடத்தின் முன்னங்காலிலிருந்து இரண்டடிகூட இல்லை. அவள் மூக்கு மட்டும் ஆடியது. வாயிலிருந்து ஒரு நூல் இறங்கியது. உடம்பு அசையவில்லை. மேனேஜர் இரண்டாவது துண்டை இன்னும் கிட்டத்தில் போட்டார். அப்போதும் அசையவில்லை.

"ஏய்!" என்று எல்லாரும் ஒரே குரலாகக் கத்திவிட்டோம். சந்தோஷத்தில்தான் கத்தினோம். ஆனால் ஷெட்டுக்குள் இருந்தவருக்குக் கேட்டது சத்தம் மட்டும்தான்.

"தம்பி, என்ன ஆச்சு? எறங்கிட்டாளா?"

"டேய், நீ பேசாத!" என்று மேனேஜர் என்னைப் பார்த்து விரலை நீட்டினார். "யாரும் உள்ள சொல்லக் கூடாது."

நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். பாய் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்திருந்தார். இரண்டு மாதத்தில் அவர் ஒரு வார்த்தையை இரண்டு தடவை சொல்லி நான் கேட்டதில்லை.

"வகஃப்" என்றார்.

மேடத்தின் காதுகள் நிமிர்ந்தன.

"வகஃப்... வகஃப்மா."

மூன்றாவது தடவை வந்தது பாயின் குரலே இல்லை. லாரி, ரோடு, தெரியாத ஊர் எல்லாம் அந்தக் குரலில் இருந்தன. வார்த்தை பழையதுதான். மேடம் எழுந்து நின்றாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். அவளுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் நேர்கோடு பாத்தியின் குறுக்கே போகிறது. நேற்று எனக்காக அப்படித்தான் வந்தாள். கண்ணை மூடிக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது.

மேடம் மீனைப் பார்க்கவில்லை. திரும்பி, வரப்பில் ஓட ஆரம்பித்தாள். பாத்தியின் நீளத்துக்கு ஓடி, மூலையில் திரும்பி, வரிசையாக நின்ற எங்கள் கால்களுக்குள் புகுந்து, இன்னொரு மூலையில் திரும்பி, காது பின்னால் மடங்க ஓடி வந்தாள். அவ்வளவு தூரம் சுற்றி வரும்படி அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொன்னது, அசையாதே என்றுதான். அதைத்தான் அவள் கேட்கவில்லை. கதவருகில் வந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். கேள்வி எதுவும் இல்லை. நான் கதவை விட்டுவிட்டேன்.

"பெயில்!" என்று மேனேஜர் கத்தினார். "பாத்தீங்கல்ல எல்லாரும்? சொன்ன பேச்ச கேக்கல. ஏத்துங்க லாரில."

"கேக்கலதான் சார்" என்றாள் செல்வி அக்கா, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு. "ஆனா நீங்க என்னா சொன்னீங்க? நாய் பாத்தில எறங்கக்கூடாதுன்னு சொன்னீங்க. எறங்குச்சா? ஒரு நகமாவது பட்டுச்சா? நல்லா பாருங்க. பாத்தில கெடக்கறது நாய் காலு இல்ல, உங்க மீனு. எண்ணெயோட மெதக்குது."

இருபது பேரும் பாத்தியைப் பார்த்தோம். பிறகு மேனேஜரைப் பார்த்தோம்.

"அத எடுங்கடா" என்றார்.

"யாரு போட்டாங்களோ அவங்க எடுக்கட்டும் சார். நாங்க எறங்கினா கால் தடம் விழும்" என்றாள் அக்கா.

மேனேஜர் பேண்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு இறங்கினார். இரண்டு துண்டு மீனையும் எடுத்துக்கொண்டு கரையேறியபோது, மேடம் நேற்றுப் போட்டதைவிடப் பெரிய தடங்கள் பாத்தியில் கறுப்பாகக் கிடந்தன. அவர் பைக்கை எடுக்கும்வரை யாரும் சிரிக்கவில்லை. லாரி உப்பை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.

இவ்வளவு கூத்தையும் பாய் பார்க்கவில்லை. நான் கதவை முழுவதும் திறந்தபோது, அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் குடை இல்லை. மேடம் அவருடைய உள்ளங்கையில் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நக்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொல்ல வேண்டும்.

"தொட்டுட்டா தம்பி" என்றார் பாய்.

"தண்ணி எடுத்தாரவா பாய்? அசர் தொழுகை நேரம் ஆயிடுச்சே."

"எடுத்தாங்க." கையை இழுத்துக்கொள்ளவில்லை. "நேரம் இருக்குது. மெதுவாவே எடுத்தாங்க."

மெதுவாகத்தான் எடுத்து வந்தேன். பனை மரத்தடியிலிருந்து நல்ல மண்ணாக ஒரு கைப்பிடியும் கொண்டுவந்தேன். அவர் ஏழு தடவை, ஒரு தடவை மண் போட்டு, முறைப்படி கழுவினார். பிறகு ஒளு செய்து தொழுதார். கேன் காலி. அன்றைக்குச் சாயங்காலம் இருவரும் ஆளுக்கு அரை டம்ளர் தண்ணீரோடு முடித்துக்கொண்டோம்.

மறுநாள் விடிந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோபமோ வருத்தமோ இல்லை. ஒரு இடத்தில் இரண்டு மாதம் என்பது எனக்கு அதிகம். மேனேஜர் அடுத்த தடவை வரும்போது அவர் கண்ணில் படாமல் இருப்பதும் நல்லது என்று தோன்றியது. வரப்பில் மேடம் எதிரில் வந்தாள். இந்தத் தடவை போகும்போது மறித்தாள். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாததால் பதில் சொல்ல முடியவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, விட்டுவிட்டாள்.

ரோட்டில் சென்னை பஸ்ஸும் வரவில்லை, புதுச்சேரி பஸ்ஸும் வரவில்லை. முதலில் வந்தது தண்ணீர் டெம்போ.

"ஏம்பா, கேன் எறக்குற ஆளு ஓடிட்டான். வர்றியா?" என்றார் டிரைவர்.

ஏறிக்கொண்டேன். அதுதான் அன்று காலை நான் சேர்ந்த வேலை. என் வாழ்க்கையில் நான் அதிக நாள் பார்த்த வேலையும் அதுதான். டெம்போ நேராக உப்பளத்துக்குத் திரும்பியது. முதல் ஷெட் பாயுடையது. இரண்டு கேனை இறக்கி வைத்தேன்.

"எப்பவும் ஒண்ணுதானே தம்பி?" என்றார்.

"ஒண்ணு குடிக்க பாய். ஒண்ணு கை கழுவ."

பாய் இரண்டாவது கேனைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். ஸ்டூலை வெயிலில் போட்டு உட்கார்ந்திருந்தார். மேடம் அவருடைய காலின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தாள். குடை உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.